ஒரு ரப்பர் கொட்டையில் தொடங்கலாம்: என்ன வரைவது என்று தெரியாதவர்களுக்கு

நோட்டு வாங்கியாச்சு, பேனா வாங்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தும் ஆச்சு, ஆனால் வெள்ளைத் தாளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிடுகிறது. வரைய ஆசைப்படுபவர்கள் பலரும் என்னிடம் சொல்வது இதுதான். உடனே கைப்பேசியை எடுத்து மற்றவர்கள் வரைந்ததைத் தேடுவார்கள், அரை மணி நேரம் போகும், பேனாவுக்கு மூடி கூடத் திறந்திருக்காது. அங்கே நாம் பார்ப்பதெல்லாம் முடிந்த படங்கள். அவர்கள் எந்தக் கோட்டில் தொடங்கினார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பது தெரியாது, அதனால் நமக்கு எங்கே தொடங்குவது என்பதும் தெரியாமல் போகிறது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள், மறுபக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, இன்னும் சில இடங்களில் பால் மரம், அதாவது ரப்பர் மரம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து பல வருடம் ஆகியும், வரைய உட்கார்ந்தால் என் கை போவது லயத்து வாசலுக்குத்தான், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். அங்கிருந்தே சொல்கிறேன், உங்கள் ஊர் எதுவானாலும் இந்த வழி பொருந்தும்.

முதலில் ஒரு ரப்பர் கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற விட்டிருப்போம், அதற்கு மேல் அதை உற்றுப் பார்த்திருக்க மாட்டோம். இப்போது உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் தட்டை, மறுபக்கம் உருண்டை. வெளிர் பழுப்பு ஓட்டின் மேல் கரும்பழுப்புத் திட்டுகள், சில இடத்தில் மை தெறித்த மாதிரி, சில இடத்தில் நீளமாக ஓடி நடுவில் அறுந்துபோன கோடு மாதிரி. ஒரே மரத்துக் கொட்டைகளுக்கெல்லாம் ஒரே சாயல் இருக்கும், பக்கத்து மரத்தின் கொட்டைக்கு வேறு சாயல். அந்த ஓடு முழுக்கத் தாய் மரத்தின் பகுதியிலிருந்தே உருவாவதால், மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் ஓட்டின் வடிவமும் திட்டுகளும் மாறுவதில்லை. எந்த வகை மரம் என்று கொட்டையைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

சரி, இப்போது ஓர் ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரியுங்கள், எட்டுக் கட்டம் கிடைக்கும். முதல் கட்டத்தில் கொட்டையின் வெளிக்கோடு மட்டும். இரண்டாவதில் வெளிக்கோடே வேண்டாம், திட்டுகளை மட்டும் வரையுங்கள். மூன்றாவதில் ஒரே ஒரு திட்டை எடுத்துக் கட்டம் முழுக்கப் பெரிதாக்குங்கள், அது தீவு மாதிரியோ மேகம் மாதிரியோ தெரிய ஆரம்பிக்கும், தெரிந்தால் அந்தத் தீவுக்கு ஒரு படகு போடுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. நான்காவதில் திட்டுகள் இருக்கும் இடத்தை வெள்ளையாக விட்டு மற்ற இடத்தையெல்லாம் சின்னச் சின்னப் புள்ளியால் நிரப்புங்கள். மீதி நான்கும் உங்கள் இஷ்டம். ஏழாவது எட்டாவது கட்டத்துக்கு வரும்போது கொட்டை மறைந்துபோய், உங்கள் கைக்கே உரிய ஒரு நெளிவு வந்திருக்கும். நான் பார்த்தவரை முதல் மூன்று கட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும், அதனால் அதைப் பார்த்து மனம் தளர்ந்து நிறுத்தக் கூடாது.

இதே மாதிரி நம் கண்ணுக்குப் பழகிப்போன பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. பால் வெட்டிய மரத்தின் பட்டையைப் பாருங்கள். வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து, சுமார் 30 பாகைச் சாய்வில், மரத்தைப் பாதி சுற்றி இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதால், இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பாலும் கூடக் கிடைக்கும். உளி ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய சீவலை எடுத்துப் போட்ட இடத்தில் அடுக்கடுக்காகக் கோடுகள் நிற்கும். நிழல் போடுவதற்குப் பக்கம் பக்கமாகச் சாய்கோடு இழுத்துப் பழக வேண்டும் என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. கீழே தொங்கும் மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், அதையும் விட்டுவிடாதீர்கள், அதன் வாய் நேராகப் பார்த்தால் வட்டம், கொஞ்சம் தள்ளி நின்றால் நீள்வட்டம். கிண்ணம், குவளை, வாளி எதை வரைந்தாலும் இந்த ஒரு பாடம் உதவும்.

செம்பனை என்றால் மரத்தின் உடம்பு. வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் வரிசையாகச் சுழன்று ஏறுவதைப் பார்க்கலாம், பொறுமையாக எண்ணினால் எட்டு வரிசை தெளிவாகத் தெரியும். அடுத்தடுத்த மட்டைகள் ஏறத்தாழ 137 பாகை தள்ளித் தள்ளி முளைப்பதால் வரும் சுழல் அது. நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து வெளியே சுழலும் கோடுகள் போட்டு, குறுக்கே எதிர்ச்சுழலும் போட்டால் நடுவில் சாய்சதுரங்கள் வரும், அவற்றை ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பாக்குங்கள். தொலைபேசியில் யாராவது நீளமாகப் பேசும்போது செய்ய ஏற்ற வேலை. சிப்புட் என்றால் மலாயில் நத்தை, சுழலை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கிறோம்.

அப்புறம் கோலம். கோலம் போடத் தெரிந்தவர்கள் எனக்கு வரையவே வராது என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஊடுபுள்ளியில் 7 வைத்து 4-இல் நிறுத்தினால் மொத்தம் 37 புள்ளி. அந்தப் புள்ளிகளை நோட்டில் வையுங்கள், ஆனால் பழக்கமான பூவைப் போடாதீர்கள். புள்ளியைச் சுற்றி வளைக்கும் சிக்குக் கோலத்தின் விதியை மட்டும் வைத்துக்கொண்டு, கோடு எங்கே போகிறதோ அங்கே போக விடுங்கள். தப்பாக வளைந்தால் அந்த இடத்தில் ஓர் இலையோ மீனோ வையுங்கள். தரையில் மாவால் போட்ட கை பேனாவுக்கு மாறும்போது முதல் இரண்டு நாள் விறைப்பாக இருக்கும், அப்புறம் சரியாகிவிடும். வீட்டில் பாட்டி இருந்தால் ஒரு பக்கம் அவரைப் போடச் சொல்லி, அதன் மேல் நீங்கள் தொடருங்கள்.

ஜன்னல் கிரில், பழைய கடைகளின் நெற்றியில் எழுதியிருக்கும் ஆண்டு, கோயில் கோபுரத்துப் பொம்மையின் விரல்கள், இரவுச் சந்தையில் தொங்கும் விளக்குகள், மழைக்குப் பிறகு தகரக் கூரையின் விளிம்பில் வரிசையாக நிற்கும் துளிகள் என்று இந்தப் பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

யோசனையே வராத நாளில் நான் செய்வது இது. ஒட்டுக்கடையில் தே தாரேக் என்ற ஆற்றிய பால் தேநீர் வரும்வரை, எதிரில் இருக்கும் ஏதாவது ஒன்றைத் தாளைப் பார்க்காமலே வரைவேன். கண் பொருளின் விளிம்பில் எறும்பு மாதிரி மெதுவாக நகர வேண்டும், பேனாவும் அதே வேகத்தில் நகர வேண்டும், நடுவில் எடுக்கவே கூடாது. வரும் படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் நாற்காலி என்று மனசில் வைத்திருந்த நாற்காலி போய், அந்தக் கடையின், ஒரு கால் வளைந்த நாற்காலி தாளில் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கூட்டத்திலோ வகுப்பிலோ ஓரத்தில் கிறுக்கினால் கவனம் இல்லை என்று திட்டு வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி அன்ட்ரேட் என்பவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கக் கொடுத்து, பாதிப் பேரைத் தாளில் இருந்த வடிவங்களுக்கு நிழல் தீட்டச் சொன்னார். தீட்டியவர்களுக்கு மற்றவர்களைவிட 29 விழுக்காடு அதிகமாக நினைவிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் கை சும்மா ஒரே வடிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தால் மனசு வேறு எங்கும் ஓடிவிடாமல் இருக்கும் என்பது என் அனுபவத்திலும் உண்மை. யோசித்து வரையும் படத்தை அந்த நேரத்தில் தொடாதீர்கள், கட்டம், சுழல், புள்ளி இவை போதும்.

பொருள்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டைப் பையில் அடங்கும் கோடு போடாத நோட்டு, ஒரு 2பி பென்சில், ஒரு கறுப்புப் பேனா. விலை உயர்ந்த நோட்டு வேண்டாம் என்பேன், அதில் வரையக் கை கூசும். அழிப்பானை முதல் ஒரு மாதம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பிடிக்காத பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது, ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு மூலைதான் பெரும்பாலும் அடுத்த படத்துக்கு வழி காட்டும். எனக்குப் பலமுறை அப்படி நடந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் தேதியும் இடமும் எழுதுங்கள்.

இதே பேராக்கில் இருக்கும் கோலகங்சார் பக்கம் போனால் நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். அங்கே 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. மரம் முழுவதையும் வரையப் பார்க்காதீர்கள், முடியாது. உள்ளங்கை அளவு பட்டையைத் தேர்ந்தெடுத்து, கிட்டப் போய் நின்று, அந்த வெடிப்புகளை மட்டும் ஒரு பக்கம் முழுக்க வரைந்து கொண்டு வாருங்கள்.