பாம்பன் புயல் கூண்டைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்: மழைக்காலத்தில் ராமநாதபுரம் கரைக்கு வருவோருக்கு

நான் வசிக்கும் சுவிட்சர்லாந்தில் எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் பனி விழும், எந்தப் பள்ளத்தாக்கில் இடியுடன் மழை என்றெல்லாம் முந்தின நாளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடு ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்கு வருகிறவர்கள், கைபேசியில் சூரியன் தெரிகிறது என்று நம்பித் தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து திடீரென்று ஏறி வரும்.

முதலில் வானிலை அறிக்கையின் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். 'ஓரிரு இடங்களில்' என்றால் கால்பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை. தொண்டியில் கொட்டும், கீழக்கரையில் வெயில் அடிக்கும். மழையளவை இங்கே சென்டிமீட்டரில் சொல்வார்கள். ஒரு நாளில் சுமார் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் பாதியை நெருங்கும் அளவு அது! ஆகவே ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே தீவுப் பயணத்தைத் தள்ளிவைப்பது என் வழக்கம்.

'புயல் வலுவிழந்தது' என்ற செய்தியும் ஏமாற்றும். 2020 டிசம்பரில் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்த புரெவி, கரையேறாமல் பாம்பன் அருகிலேயே நின்று வலுவிழந்தது. காற்று தணிந்தாலும் மழை விடவில்லை.

சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிள்ளைகள் 'பனி' என்றதும் பனிமனிதன் செய்யலாம் என்று துள்ளுவார்கள். நம் அறிக்கையில் பனி என்பது மார்கழி, தை விடியலில் சாலையை மறைக்கும் மூடுபனி. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் 'உறைபனி' என்றால் புல்மேல் வெள்ளையாகப் படிவது, அவ்வளவுதான். மலைக்குப் போவதாக இருந்தால் ஸ்வெட்டர் போதும்.

போன முறை தங்கச்சிமடத்தில் சித்தி வீட்டு முற்றத்தில் நின்றிருந்தேன். வலைமேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. சித்தி வடக்கே ஒருமுறை பார்த்தார். "வாடை இறங்கிவிட்டதய்யா, சாக்கை எடு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் கருவாட்டை வழித்துக் கூடையில் அள்ளினார். பாதி நெத்திலி செதிலோடு அவர் கையில் ஒட்டியிருந்தது. நாங்கள் திண்ணை ஏறுவதற்குள் முற்றம் முழுக்கத் தண்ணீர்.

கரையில் இருப்பவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இன்று படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுத்தார்களா? பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்? ஒன்றாம் எண் என்றால் தொலைவில் புயல் உருவாகும் சூழல். மூன்று என்றால் பலத்த காற்று துறைமுகத்தையே தாக்கலாம். டோக்கன் நிறுத்தப்பட்ட நாளில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போக வேண்டாம். 1964 டிசம்பரில் ஒரே இரவில் ஓர் ஊரையும் பயணிகளோடு ஒரு ரயிலையும் விழுங்கிய கடல் அது. அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை எந்தக் கரைக்கு அழைத்துப் போவது என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.

இடி கேட்டால் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள். ஊர்க்காரர்களும் செய்கிற தவறு இது. கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள்.

காற்று பலமானால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 2025இல் திறந்த புதிய பாலமும் அதே கடல்மேல்தான் நிற்கிறது. ராமேசுவரத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 170 கி.மீ. விமானம் ஏறும் நாளன்று காலையில் தீவிலிருந்து புறப்படலாம் என்று திட்டமிடாதீர்கள். முந்தின நாளே மதுரைக்கு வந்து தங்குங்கள். தீவில் ஒரு நாள் குறைகிறதே என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். அந்த நாளை வருகையின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் போனால் ஏடிஎம் ஓடாது. கையில் ரொக்கம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை நெகிழிப் பையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.