கோஹியரன்ட்: பொருளும் பயன்பாடும் படிப்படியாக

ஒருவர் கோர்வையாகப் பேசுகிறார் என்கிறோம் அல்லவா, அந்தக் 'கோர்வையான' என்பதுதான் ஆங்கிலத்தில் கோஹியரன்ட் (coherent). ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த பெயரடை இது.

படி 1: உச்சரிப்பில் அழுத்தம் 'ஹி' மேல் விழ வேண்டும். எழுத்துகள்: சி, ஓ, எச், இ, ஆர், இ, என், டி. கடைசி 'இ' இருக்கும் இடத்தில் 'ஏ' போட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

படி 2: ஆர்கியுமென்ட், பிளான், எக்ஸ்பிளனேஷன் ஆகியவற்றுக்கு முன்னால் வைத்துப் பழகுங்கள்: "எ கோஹியரன்ட் பிளான்". ஆளைப் பற்றியும் சொல்லலாம். காய்ச்சலில் பிதற்றியவர் தெளிவாகப் பேசத் தொடங்கினால் "ஷி இஸ் கோஹியரன்ட் நௌ". எதிர்ச்சொல் இன்கோஹியரன்ட், வினையடை கோஹியரன்ட்லி, பெயர்ச்சொல் கோஹியரன்ஸ்.

படி 3: கன்சிஸ்டன்ட் என்பதிலிருந்து பிரித்தறியுங்கள். பலர் இடறுவது இங்கேதான். முன்னுக்குப் பின் முரண் இல்லாவிட்டால் கன்சிஸ்டன்ட். கோஹியரன்ட் அதற்கும் மேலே ஒன்று கேட்கிறது: ஒரு கருத்து அடுத்ததைத் தாங்க வேண்டும். "இன்று வெயில். பூனை தூங்குகிறது. இரண்டும் இரண்டும் நான்கு." இதில் முரண் எதுவும் இல்லை, கோர்வையும் இல்லை. 'இதோடு ஒத்துப்போகிறது' என்று சொல்ல வேண்டுமானால் "கன்சிஸ்டன்ட் வித்" என்பதே இயல்பு. அங்கே கோஹியரன்ட் பொருந்தாது.

படி 4: ஒரு பத்தியைச் சோதித்துப் பாருங்கள்.

"இணையவழிப் படிப்பு நேரத்தை மிச்சப்படுத்தும். திரையை நெடுநேரம் பார்த்தால் கண் சோர்ந்துபோகும். ஆகவே எல்லோரும் அதில் சேரலாம்."

'ஆகவே'யில் விரலை வையுங்கள். அதற்கு முந்தைய வாக்கியம் சேர வேண்டாம் என்பதற்கல்லவா காரணம் சொல்கிறது? கோர்வை அறுந்தது அங்கேதான். "திரையால் கண் சோர்வது உண்மைதான், இடையிடையே ஓய்வு எடுத்தால் அதைச் சமாளிக்கலாம்" என்று மாற்றினால் 'ஆகவே' பொருந்திவிடும். வெறுமனே 'ஆகவே', 'எனவே' என்று தூவுவதால் எந்தப் பத்தியும் கோஹியரன்ட் ஆகிவிடாது. காரணம் உள்ளே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்: கோஹியரன்ட் என்பது உண்மைக்கு உத்தரவாதம் அல்ல. நன்றாகப் புனைந்த பொய்யும் கோர்வையாகவே இருக்கும். அதனால்தான் "தி தியரி இஸ் கோஹியரன்ட் பட் ராங்" என்று தயங்காமல் எழுதலாம்.