மடிப்பாக்கத்துக் களிமண்ணில் ஒரு புல்தரை

சென்னையில் வெயிலால் செத்த புல்தரையைவிடத் தண்ணீரால் செத்ததுதான் அதிகம் என்பது என் கணக்கு. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் பல மனைகளில் அடியில் களிமண், மேலே வீடு கட்டியபோது விட்டுப்போன செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும். என் வீட்டுப் பின்பக்கமும் அப்படித்தான். இந்த மண்ணில் உரம், மருந்து என்று ஆரம்பிக்காதீர்கள். விழுகிற தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியேறும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள் ஓர் அடி ஆழம் கொத்திக் கட்டிடக் குப்பையைப் பொறுக்க வேண்டும். சென்ட்ரிங் பலகைத் துண்டு ஒன்றுகூட மண்ணில் கிடக்கக் கூடாது. பின்னால் கரையான் வரும், மழைக்குக் காளான் முளைக்கும். காளானால் புல்லுக்குக் கெடுதல் இல்லை. குழந்தையோ நாயோ வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம் சரிவு. வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். கண்ணளவை நம்பாமல் கொத்தனாரிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கிப் பார்த்துவிடுங்கள். களிமண்ணில் இரண்டு கூடை மணலைக் கலந்தால் இளகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையில் கொஞ்சமாக மணல் சேர்ந்த களிமண் காய்ந்ததும் முன்னைவிட இறுகும். மக்கிய சாணி எருவை நிறையப் போட்டுக் கொத்திவிட்டு, அதன் மேல் செம்மண்ணும் எருவும் கலந்த மண்ணை 5, 6 அங்குல உயரத்துக்குப் பரப்புவதுதான் சரி.

என்ன புல்? நர்சரியில் கொரியன் புல்லைப் பாயாகக் காட்டி மயக்குவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மெதுவாக வளரும், போகப் போக மேடு மேடாகத் திரளும், ஓரிடம் செத்தால் மூடுவதற்கு மாதக்கணக்காகும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு என் ஓட்டு அருகம்புல்லுக்குத்தான். வெயில், ஓரளவு உப்புத் தண்ணீர், மிதி எல்லாம் தாங்கும். விநாயகர் சதுர்த்தியன்று தெருவே நம் வீட்டு வாசலில் நிற்கும், அது தனிக்கதை. நிழல் மட்டும் அதற்கு ஆகாது. மாமரத்தடியில் அகன்ற இலையுள்ள எருமைப்புல்லை வையுங்கள். அதுவும் வராத அளவுக்கு இருட்டென்றால் கூழாங்கல்லைக் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்ல மாதங்கள். சாயங்கால மழை கிடைக்கும், ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். அருகம்புல் தண்டைக் கணு இருக்கும்படி நறுக்கி, நான்கைந்து அங்குல இடைவெளியில் ஊன்றினால் போதும். நறுக்கிய புல்லைச் சாணியும் மண்ணும் சேர்த்துக் குழைத்துத் தரையில் பூசும் பழைய முறையும் உண்டு, பெரிய இடத்துக்கு அதுவே மலிவு.

இனி தண்ணீர். தினமும் சாயங்காலம் ஓஸ் பிடித்துப் புல்லை நனைப்பது நம் ஊர்ப் பழக்கம். மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். மே மாதத்திலேயே வாரத்துக்கு ஒரு அங்குலத் தண்ணீர் ஏறக்குறையப் போதும். அதை இரண்டு தவணையாகக் கொடுங்கள். 100 சதுர அடிக்கு ஒரு தவணைக்கு 15 லிட்டர் வாளியில் எட்டு வாளி. உங்கள் ஓஸ் ஒரு வாளியை நிரப்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டால் கணக்கு சுலபம். மற்ற மாதங்களில் புல்லையே கேளுங்கள். மிதித்த தடம் நிமிராமல் கிடந்தாலோ, இலை மடிந்து சாம்பல் நிறம் தட்டினாலோ ஊற்றலாம். ஊற்றுவது விடியற்காலையில். இரவு எட்டு மணிக்கு ஊற்றினால், இந்தப் புழுக்கத்தில் இலை விடியும்வரை ஈரமாகவே கிடக்கும். பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரையும் வாஷிங் மெஷின் தண்ணீரையும் புல்லுக்கு விடாதீர்கள், உப்பு மண்ணில் சேரும்.

காலையில் பனி ஈரத்தோடு வெள்ளை நூல் வலை தெரிந்து, வட்டமாகப் பழுப்படித்தால் அது பூஞ்சை. மருந்துக் கடைக்கு ஓடுமுன் தண்ணீரையும் யூரியாவையும் நிறுத்துங்கள். பாதி நோய் அதிலேயே அடங்கும். மழைக்காலம் தொடங்குமுன் மக்கிய எருவில் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து தூவுவது நல்ல முன்னெச்சரிக்கை. மைனாக்கள் கூட்டமாக வந்து ஓரிடத்தையே கொத்தினால் சோப்புத் தண்ணீரை அங்கே ஊற்றிப் பாருங்கள்; புழு இருந்தால் மேலே வரும்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 100 சதுர அடிக்கு 50 கிராம் யூரியா, தை, ஆனி, ஆவணி மாதங்களில் ஒரு முறை, இலையில் ஈரமில்லாத நேரத்தில் தூவி உடனே தண்ணீர். அடைமழை மாதங்களில் வேண்டாம். போர் தண்ணீரால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கரைத்துத் தெளியுங்கள். டைல்ஸில் பட்டால் கறை போகாது.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அருகம்புல் ஒன்று, ஒன்றரை அங்குலம் நிற்கட்டும், கோடையில் இன்னும் கொஞ்சம் உயரமாக. ஒட்ட வெட்டினால் அடுத்த வெட்டுக்கு நாளாகும் என்பது தோட்டக்காரரின் நியாயம், புல்லின் நியாயம் வேறு. நுனி கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. தெருவில் சாணை பிடிப்பவர் குரல் கேட்டால் விடாதீர்கள். மழை விட்டதும் தை மாதத்தில் தோட்டவேலைக்கான முள்கரண்டியால் மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகக் குத்தி, மண்ணுக்குக் காற்று விடுங்கள்.

கடைசியாகக் கோரை என்ற களை. பிடுங்கினால் மேல்தண்டு மட்டும் கையோடு வரும், கிழங்கு கீழே சிரித்துக்கொண்டிருக்கும். நல்ல மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது முள்கரண்டியால் நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தலை காட்டும். ஐந்தாறு இலை வருமுன் அதையும் எடுங்கள். எடுத்ததை எருக்குழியில் போட்டால் அங்கேயும் முளைக்கும். மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்துக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.