ரோபோ அறுவைச் சிகிச்சையில் உயிரிழப்பு: புகார் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்தில் பெரிய ஆபரேஷன் என்றால் பலரும் பெங்களூருக்குத்தான் போகிறார்கள். ரோபோ முறையில் மருத்துவர் நோயாளியின் அருகில் நிற்பதில்லை. சற்றுத் தள்ளி, கன்சோல் எனும் கட்டுப்பாட்டு மேடையில் அமர்ந்து கருவிகளை இயக்குகிறார். தொலைதூர முறையில் அவர் வேறு நாட்டிலும் இருக்கலாம். 2001-இல் நியூயார்க்கிலிருந்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் இருந்த நோயாளிக்குப் பித்தப்பை அகற்றப்பட்டது.

உயிரிழப்பு நேர்ந்து சந்தேகமும் இருந்தால், உடலைப் பெற்றுக்கொள்ளும் முன்பே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்துப் பிரேதப் பரிசோதனை கோருங்கள். துக்கத்தில் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனால் தகனம் முடிந்த பிறகு இறப்பின் காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம்.

அடுத்து, மருத்துவமனையிடம் ஆவணங்களைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. விண்ணப்பத்தின் நகலில் தேதியுடன் கையொப்பமும் முத்திரையும் வாங்குவது முக்கியம். 'கேஸ் ஷீட் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் போதாது. ஆபரேஷன் வீடியோ, இயந்திரத்தின் பிழைப் பதிவு, இணைய இணைப்பின் பதிவு, கன்சோலிலும் நோயாளியின் அருகிலும் இருந்தோரின் பெயர்கள், ஒப்புதல் படிவம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு, எதையும் அழிக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். யாருடைய கை எந்த நிமிடத்தில் எங்கே இருந்தது என்பதை இவைதான் சொல்லும்.

'ரோபோ கொன்றுவிட்டது' என்று புகாரில் எழுத வேண்டாம். நம் குற்றவியல் சட்டம் இயந்திரத்தைக் குற்றவாளியாக ஏற்பதில்லை. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவச் செயல்முறையின்போது அதைச் செய்தவர் பதிவு பெற்ற மருத்துவர் எனில் இரண்டு ஆண்டு வரை மட்டுமே. ஆக, இயந்திரப் பராமரிப்பைக் கோட்டைவிட்ட பொறியாளர் மருத்துவரைவிடக் கூடுதல் தண்டனைக்கு உள்ளாகக்கூடும் என்பது விசித்திரமே.

சாதாரணத் தவறு குற்றமாகாது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்கும் என்றும், புகாரை ஆதரிக்கும் இன்னொரு தகுதியான மருத்துவரின் கருத்து தேவை என்றும் கூறியது. எனவே ஆவணங்களை அதே துறை நிபுணர் ஒருவரிடம் காட்டி எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெறுங்கள். அந்த ரோபோவில் மருத்துவர் பெற்ற பயிற்சி, இணைப்பு தடைபட்டால் உடனே கையால் ஆபரேஷனைத் தொடர ஆள் தயாராக இருந்தாரா என்பவையே வலுவான கேள்விகள். 2020-ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்களைச் சுட்டிக்காட்டிப் பயனில்லை. தொலைவிலிருந்து செய்யும் அறுவைச் சிகிச்சையை அவை தம் வரம்பிலிருந்தே விலக்கிவிட்டன.

சிகிச்சை பெங்களூரில் நடந்து மரணம் கிருஷ்ணகிரியில் நேர்ந்திருந்தாலும் இங்கேயே புகார் கொடுக்கலாம். எல்லையைக் காட்டிக் காவல் நிலையம் மறுக்கக் கூடாது. இழப்பீட்டுக்கான நுகர்வோர் வழக்கு தனி; அதை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.