புற்றுநோய் வந்து குணமானவரின் நுரையீரலில் முடிச்சு தெரிந்தால்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்து எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 'நாட்யூல்' என்ற சொல்லைக் கண்டதும், நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 30 மி.மீ. வரையுள்ள சிறு முடிச்சுகளுக்கெல்லாம் அதுவே பெயர். பழைய காசநோயின் தழும்பும், பூஞ்சைத் தொற்றும், நுரையீரலுக்குள் இயல்பாகவே இருக்கும் சிறு நிணநீர்க் கணுவும் ஸ்கேனில் அவ்வாறே தெரியலாம்.

முதல் வேலை, பழைய ஸ்கேன்களைத் தேடி எடுப்பதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக இதையே வலியுறுத்துவேன். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகடும் வேண்டும். 5 மி.மீ. இருந்த முடிச்சு 6.3 மி.மீ. ஆனால், கூடியது ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கன அளவில் அது இரு மடங்காகிவிட்டது. இவ்வளவு சிறிய முடிச்சில் அளவீட்டுப் பிழையும் நேரக்கூடும் என்பதால், இரு முறையும் மெல்லிய வெட்டுகளாக, முடிந்தால் ஒரே கருவியில் படம் எடுப்பது நல்லது.

எந்த அளவு முடிச்சுக்கு எப்போது மறு ஸ்கேன் என்று மார்புப் படவியல் நிபுணர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கம் 2017இல் வெளியிட்ட அட்டவணையை இணையத்தில் பார்த்து அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. முதல் மறு ஸ்கேனைப் பெரும்பாலும் சுமார் மூன்று மாதத்தில் எடுக்கச் சொல்வார்கள். முன்பு வந்த புற்றுநோய் எது, எந்த நிலையில் இருந்தது என்பதைக் கொண்டு உங்கள் மருத்துவர் அந்த இடைவெளியை மாற்றலாம். எலும்பு, தசை போன்ற திசுக்களில் வரும் சார்கோமா, தோலில் வரும் மெலனோமா ஆகிய புற்றுநோய்கள் நுரையீரலுக்குப் பரவக்கூடியவை; தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த புகைப்பழக்கமுள்ளவருக்கோ நுரையீரலிலேயே புதிதாக இன்னொரு புற்றுநோய் தோன்றியிருக்கலாம். முடிச்சில் சுண்ணாம்புப் படிவு இருந்தால் ஆபத்தில்லை என்ற பொதுவான ஆறுதலும் ஆஸ்டியோசார்கோமா எனும் எலும்புப் புற்றுநோய் வந்தவருக்குச் செல்லாது.

சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் திசுக்களை ஒளிரச் செய்து காட்டும் பெட் ஸ்கேன் 8 மி.மீ.க்குக் குறைந்த முடிச்சுகளில் நம்பத்தகுந்ததன்று. காசநோய் முடிச்சும் அதில் பளிச்சென்று ஒளிரும். முடிச்சு வளர்ந்தாலோ, பெரியதாக இருந்தாலோ ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்ப்பார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும் அபாயம் அதில் உண்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கட்டியின் திசுவை மெழுகில் பதித்துச் சேமித்திருக்கும் மெழுகுக் கட்டையை முன்பு அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து பெற்றுக் கொடுத்தால், புதிய திசுவை அதனோடு ஒப்பிட்டு, இது பழைய நோயா புதிய நோயா என்று நோயியல் மருத்துவர் பிரித்தறிவது எளிதாகும். சிகிச்சை முழுவதும் அந்த விடையைப் பொறுத்தே அமையும்.

இடையில் இருமலில் ரத்தம் வந்தாலோ, மூச்சுத்திணறல் கூடினாலோ, எடை குறைந்தாலோ, குறித்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.