₹ முன்னால், € பின்னால்: விலையை ஊருக்கேற்றபடி காட்டுவது

சேலை விற்கும் ஒரு தளத்தில் ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்கு யூரோவில் விலை காட்ட வேண்டியிருந்தது. ₹-ஐ எடுத்துவிட்டு €-ஐ ஒட்டினேன்: €1,234.50. அங்கே எழுதுவதோ 1.234,50 €. நம் கமா அவர்களுக்குப் புள்ளி, நம் புள்ளி அவர்களுக்குக் கமா.

இதற்கு வெளியிலிருந்து லைப்ரரி (பிறர் எழுதிவைத்த நிரல்) எதுவும் வேண்டாம், என்னைக் கேட்டால் போடவே கூடாது. எண்ணை ஊர் வழக்கப்படி எழுதித் தரும் இன்டில்.நம்பர்ஃபார்மேட் (Intl.NumberFormat) என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி பிரவுசரிலேயே இருக்கிறது. முதலில் லொகேலை, அதாவது எந்த மொழி, எந்த நாட்டு வழக்கம் என்பதைக் கொடுங்கள். அப்புறம் ஆப்ஷன்களில் ஸ்டைல் 'கரன்சி' என்றும், கரன்சிக்கு மூன்றெழுத்துக் குறியீடும் (INR, EUR போல) கொடுங்கள். கடைசியில் ஃபார்மேட்டுக்குள் எண்ணைப் போட்டால் சரி.

லொகேலும் கரன்சியும் வேறு வேறு. அதே ரூபாய்த் தொகை இந்திய ஆங்கிலத்தில் ₹12,34,567.50, அமெரிக்க ஆங்கிலத்தில் ₹1,234,567.50. லொகேலைப் பார்ப்பவரிடமிருந்தும், கரன்சியை ஆர்டரிலிருந்தும் எடுங்கள். கரன்சியை மாற்றினால் குறிதான் மாறும், எண்ணை அது மாற்றிக் கணக்கிடாது. நூறு ரூபாய்ச் சாமானை நூறு யூரோ என்று காட்டிவிடாதீர்கள்.

டேட்டாபேஸில் தொகையைப் பைசா போன்ற சிறு அலகில் வைத்திருந்தால் எல்லாவற்றையும் 100-ஆல் வகுக்காதீர்கள். ஜப்பானிய யென்னுக்குத் தசமம் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடம்.

எனக்கு ஒரு மாலைப்பொழுதையே தின்றது டெஸ்ட், அதாவது வந்த விடை சரியா என்று தானாகச் சோதிக்கும் நிரல். எதிர்பார்த்தது '1.234,50 €', வந்தது '1.234,50 €', ஆனாலும் ஃபெயில்! கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்தின் குறியீட்டு எண்ணையும் சொல்லும் சார்கோட்அட் (charCodeAt) வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். €-க்கு முன்னால், சாதாரண இடைவெளியின் எண்ணான 32 இருக்க வேண்டிய இடத்தில் 160. அது சாதாரண இடைவெளி இல்லை. € மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விடாமல் பிடித்து வைக்கும் உடைபடாத இடைவெளி. பிரெஞ்சில் ஆயிரத்தைப் பிரிக்கும் இடத்தில் 8239 என்ற இன்னொரு வகை இடைவெளி வேறு வரும். வலைப்பக்கத்தில் இந்த இடைவெளிகளை அப்படியே விட்டுவிடுங்கள். டெஸ்டில் மட்டும், ஒப்பிடுவதற்கு முன் ரெஜெக்ஸால் (எழுத்து வடிவங்களைத் தேடி மாற்றும் முறை) எல்லா வகை இடைவெளியையும் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள்.

பெரிய பட்டியலென்றால் ஃபார்மேட்டரை லூப்புக்கு வெளியே ஒரே முறை உருவாக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் உருவாக்கினால் பக்கம் மந்தமாகும்.

பின்சேர்க்கை: பிடிஎஃப் பில்லில் ₹ வரவேண்டிய இடத்தில் கட்டம் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது ஃபார்மேட்டரின் தவறில்லை. கணினி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் ₹ சேர்ந்ததே 2010-இல்தான். பிடிஎஃப்பில் வழக்கமாக வரும் ஹெல்வெட்டிகா எழுத்துருவில் அந்தக் குறி கிடையாது. நோட்டோ சான்ஸ் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள், கட்டம் போய்விடும்.