வாய்க்கால் வீடியோ ஓடலையா? அடைத்தது யார் என்று பாருங்கள்

"ஏனுங் தம்பி, வாய்க்கால் வீடியோவை நீங்களே கட் பண்ணிப் போட்டீங்களா?" என்று ஒரு மாமா போன் பண்ணினார். பெருந்துறைப் பக்கம் கேபிளும் ஃபைபர் நெட்டும் கொடுப்பவன் நான். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று ஊர் இரண்டுபட்டதிலிருந்து இப்படிப் போன் வருவது வழக்கமாகிவிட்டது. போய்ப் பார்த்தால், போட்டவரே அதை அழித்திருந்தார்.

அதனால் முதல் வேலை, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அடுத்து, வேறு கம்பெனி லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் பாருங்கள். எல்லாமே மெதுவாக ஓடினால் மாத டேட்டா தீர்ந்திருக்கும். அதற்குச் சட்டம் பேச வேண்டாம். மற்றதெல்லாம் பறக்க, ஒரு தளம் மட்டும் இழுக்கிறதா? தேதி, நேரம், முழு லிங்க் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனிலேயே வையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் 24 மணி நேரத்தில் போய்விடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

வாய்க்காலில் ஒரு போகம் நெல்லுக்கு, ஒரு போகம் கடலைக்கு என்று சொல்லித்தான் தண்ணீர் விடுவார்கள். நெட்டில் அந்த நியாயம் செல்லாது. எதைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து விலை மாற்றக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8-ல் விதி போட்டது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் நின்றது அதனால்தான். பிடிக்காத தளத்தை அடைப்பது, மெதுவாக்குவது, வேண்டியவர் தளத்தை மட்டும் முந்த விடுவது எல்லாம் கூடாது என்று 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறையும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒரு லைனில் திறந்து இன்னொன்றில் திறக்காவிட்டால் உடனே 'கம்பெனி சேட்டை' என்று முடிவு கட்டாதீர்கள். அரசு உத்தரவு வந்தால் கம்பெனிகள் அடைத்தே ஆக வேண்டும். ஒருவர் உடனே அடைப்பார், இன்னொருவர் அரைகுறையாக அடைப்பார். என்னைப் போன்ற லோக்கல் ஆளுக்கு மேலே என்ன நடக்கிறதென்றே தெரியாது, என்னைத் திட்டிப் பயனில்லை. கம்பெனிக்கு எழுத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது உத்தரவா, உங்கள் வேலையா?" புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குப் புகார் எண் வேண்டும்.

எந்த லைனிலும் இல்லை, உங்கள் பதிவையே தளம் தூக்கிவிட்டது என்றால் அது வேறு கதை. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். "ஏன் தூக்கினீர்கள்" என்று புலம்பாமல், எந்த வரியில் என்ன தப்பு என்று கேளுங்கள்.

அடைத்தது அரசு என்றால் கஷ்டம்தான். தளங்களை அடைக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு உத்தரவுகளை ரகசியமாக வைக்கலாம் என்று விதியே சொல்கிறது. 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், புண்படுத்தும் பதிவு போட்டால் தண்டிக்கும் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏ-வை விட்டுவைத்தது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்துக் கோர்ட்டில் ரிட் மனு போடலாம் என்பதைக் காட்டித்தான் விட்டுவைத்தது. மாவட்டம் முழுக்க நெட்டையே நிறுத்தினால் அந்த உத்தரவை வெளியிட வேண்டும் என்பது 2020 ஜனவரி 10 அனுராதா பாசின் தீர்ப்பு. உயர் நீதிமன்றம்வரை போவதென்றால் ஈரோடு, கோவைக்காரர்கள் சென்னைக்கு வண்டி ஏற வேண்டும். கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை.